படம் வடிவா வருது, பிறகு ஏன் கியூசி? டிஜிட்டல் எக்ஸ்ரே: சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில ஒரு ஆதார வைத்தியசாலையில வேலை செய்யிற ரேடியோகிராபர் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறா. "எங்கட பிரிவில ஒரு சிஆர் ரீடரும் (கசெட்டுக்குள்ள இருக்கிற பிளேட்டில பதிஞ்ச படத்தை வாசிக்கிற மிசின்), புதுசா வந்த டிஆர் டிடெக்டர் ஒண்டும் (கதிர நேரடியாப் படமாக்கிற பலகை) இருக்கு. படங்கள் நல்லாத்தான் வருது. கொம்பனி ஆக்களும் சேர்விசுக்கு வந்து போறாங்க. இதுக்கு மேல கியூசி (தரக் கட்டுப்பாடு) எண்டு நாங்க என்ன செய்யணும்? எங்களிட்ட கதிர் அளக்கிற மீட்டர் ஒண்டும் இல்ல. கியூஏ (தர உறுதிப்பாடு) எண்டுறதும் அதேதானா?"

பதில்:

சரி தங்கச்சி. "படங்கள் நல்லாத்தான் வருது" எண்டு எழுதியிருக்கிறீங்க. சிக்கல் அங்கதான் இருக்கு. பிலிம் காலத்தில டோஸ் (குடுக்கிற கதிரின்ட அளவு) கூடினா படம் கறுக்கும், குறைஞ்சா வெளிறும். விட்ட பிழை பிலிமிலயே தெரியும். டிஜிட்டல்ல டிடெக்டருக்கு நாலஞ்சு மடங்கு கூடுதலாக் கதிர் போனாலும், கொம்பியூட்டர் பிரகாசத்தைச் சரிக்கட்டி வடிவான படமாத்தான் காட்டும். உண்மையச் சொன்னா, கூடக் குடுத்த படம்தான் கூட வடிவு. குறைச்சுக் குடுத்தா மணல் தூவின மாதிரி வரும், உடனே வாட்டில இருந்து டொக்டர் கோல் எடுப்பார். கூடக் குடுத்ததுக்கு ஒருத்தரும் கோல் எடுக்க மாட்டாங்க. அப்ப என்ன நடக்கும்? ஏச்சு வாங்காம இருக்க, கதிரின்ட அளவைக் கூட்டிக் குறைக்கிற எம்ஏஎஸ்ஸக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கொண்டு போவம். நோயாளிக்குத் தேவையில்லாத டோஸ், எங்களுக்குத் தெரியாமலே.

அதால படத்தோட சேர்த்து இலக்கத்தையும் பாக்கணும். ஒவ்வொரு படத்திலயும் ஈஐ (எக்ஸ்போஷர் இண்டெக்ஸ்) எண்டு ஒரு இலக்கம் வரும், பக்கத்தில டிஐ (டீவியேஷன் இண்டெக்ஸ், இலக்கில இருந்து எவ்வளவு விலகல் எண்டது) வரும். ஐஈசி 62494-1 எண்ட சர்வதேச நியமம் 2008இல வந்தது, புது மிசின்கள் அதைத்தான் பின்பற்றுது. ஈஐ எண்டுறது டிடெக்டருக்குக் கிடைச்ச கதிரைக் காட்டும்; கதிர் இரட்டிச்சா ஈஐயும் இரட்டிக்கும். டிஐ எண்டா, வந்த ஈஐய, அந்தப் படத்துக்கு வர வேண்டிய இலக்கு ஈஐயால பிரிச்சு, மடக்கை எடுத்து, பத்தால பெருக்கின தொகை. இலக்கு 200, உங்களுக்கு 400 வந்தா டிஐ +3. நூறு வந்தா −3. ஒரு புள்ளி கூடினா டோஸ் ஏறத்தாழ 25 சதவீதம் கூடியிருக்கு எண்டு மனசில வச்சுக்கொள்ளுங்க.

+1க்கும் −1க்கும் இடையில இருந்தா யோசிக்கத் தேவையில்ல. −3க்குக் கீழ போய், படமும் மணலா இருந்து, பார்க்க வேண்டிய இடம் தெரியல்ல எண்டாத்தான் திரும்ப எடுக்கிறது. +3க்கு மேல போனா திரும்ப எடுக்காதீங்க! படம் எரிஞ்சு போகாட்டி, அதாவது முழுக்கக் கறுத்து விபரம் அழியாட்டி, அது பாவிக்கக்கூடிய படம்தான். ஏன் கூடினது எண்டு தேடுங்க, அவ்வளவுதான். இலக்கத்த மட்டும் பார்த்து ஒருத்தருக்கு ரெண்டாந்தரம் கதிர் குடுக்கிறது சரியான வேலையில்ல. ஏனெண்டா கொலிமேட்டர் (கதிர் விழுற பரப்பைச் சுருக்கிற பெட்டி) ஓரத்த சொஃப்ட்வெயார் பிழையாப் பிடிச்சாலும், இடுப்பில உலோகம் வச்ச ஆளா இருந்தாலும், ஆள் நடுவில இல்லாட்டியும் ஈஐ பொய் சொல்லும்.

இன்னொண்டு. பழைய சிஆர் ஒவ்வொண்டும் ஒவ்வொரு பாஷை பேசும். ஃபுஜியில எஸ் நம்பர் தலைகீழ்: 200 இருந்து 400 ஆனா கதிர் பாதியாக் குறைஞ்சிருக்கு. கொடாக்கில 300 கூடினா கதிர் இரட்டிப்பு. அக்ஃபாவில 0.3 கூடினா இரட்டிப்பு. உங்கட ரீடர் எது எண்டு பார்த்து, ஒரு தாளில பெரிசா எழுதி கொன்சோலுக்குப் பக்கத்தில ஒட்டிவிடுங்க. டியூட்டிக்குப் புதுசா வாற பிள்ளைகள் இதில நல்லாத் தடுமாறுவாங்க.

கியூஏ, கியூசி ரெண்டும் ஒண்டா எண்டு கேட்டீங்க. கியூசி எண்டா மிசினையும் படத்தையும் அளந்து பார்த்து எழுதுற சோதனைகள். கியூஏ அதைவிடப் பெரிசு: ஆர் சோதிக்கிற, எல்லை தாண்டினா ஆருக்குச் சொல்லுற, மிசின நிப்பாட்ட ஆருக்கு அதிகாரம், பயிற்சி, பாவிக்க ஏலாது எண்டு கழிச்ச படங்களின்ட கணக்கு, எல்லாம் சேர்ந்தது. சோதனை செய்து கொப்பியில எழுதிப் போட்டு ஒருத்தரும் அந்தக் கொப்பியத் திறக்காட்டி, கியூசி இருக்கு, கியூஏ இல்ல.

இப்ப மீட்டர் இல்லாம என்ன செய்யலாம் எண்டு பாப்பம். கன வேலை செய்யலாம்.

முதலாவது செப்புத் தகட்டுச் சோதனை. எனக்குக் கேட்டா, ஒண்டே ஒண்டுதான் செய்ய நேரம் இருக்கு எண்டா இதைச் செய்யுங்க. ஒரு மில்லிமீட்டர் தடிப்பில, கீறல் நெளிவு இல்லாத செப்புத் தகடு ஒண்டு எடுங்க. கொலிமேட்டர் வாயை முழுசா மூடுற அளவு இருந்தாக் காணும். டிடெக்டர மேசையில வச்சு, சிதறல் கதிரத் தடுக்கிற கிரிட்டக் கழட்டி, டியூப்பில இருந்து டிடெக்டருக்கு உள்ள தூரத்த டேப்பால அளந்து 100 செ.மீ. வையுங்க. ஏஈசிய (காணுமான கதிர் வந்ததும் தானே நிப்பாட்டிற கருவி) நிப்பாட்டி, கையால 70 கேவிபி (டியூப் மின்னழுத்தம்) வச்சு, ஈஐ நடுத்தரமா வாற ஒரு எம்ஏஎஸ்ஸத் தெரிவு செய்யுங்க. மறுகா அந்த எம்ஏஎஸ்ஸ மாத்தவே கூடாது. மெனுவில எந்தப் பரிசோதனையத் தெரிஞ்சீங்களோ அதையும் மாத்தக் கூடாது, ஏனெண்டா சில மிசின்ல மெனு மாறினா ஈஐக் கணக்கும் மாறும். சிஆர் எண்டா எக்ஸ்போஸ் பண்ணிப் போட்டு ஒவ்வொரு தரமும் ஒரே அளவு நேரம் விட்டுத்தான் ரீட் பண்ணணும். பிளேட்டில பதிஞ்சது நேரம் போகப் போக மங்கும்.

முதல் கிழமை அஞ்சு தரம் எடுத்து சராசரி பாருங்க. அதுதான் உங்கட அடித்தளம். பிறகு கிழமைக்கு ஒருக்கா, இல்லாட்டி மாதத்துக்கு ஒருக்காவாவது எடுத்து வரைபுத் தாளில புள்ளி வையுங்க. அடித்தளத்தில இருந்து 20 சதவீதத்துக்கு மேல விலகினா தேடத் தொடங்குங்க. முதல்ல தூரத்தத் திரும்ப அளவுங்க. 100க்குப் பதிலா 110 செ.மீ. வச்சா அதாலயே கதிர் 17 சதவீதம் குறையும்; மிசினில பிழையே இருக்காது. தூரம் சரியெண்டா, அதே செற்றிங்கில மற்ற டிடெக்டரையும், இல்லாட்டி சிஆர் கசெட்டையும் வச்சு எடுங்க. ரெண்டும் ஒரே அளவு விலகினா டியூப் பக்கம், ஒண்டு மட்டும் விலகினா அந்த டிடெக்டர் பக்கம். கொம்பனிக்குக் கோல் எடுக்கக்குள்ள இவ்வளவும் சொல்லிட்டீங்க எண்டா, இஞ்சினியர் சரியான சாமானோட வருவார்.

அதே படத்தை மொனிட்டரில கொன்ட்ராஸ்ட்ட நல்லாக் கூட்டி ஒருக்காப் பாருங்க. ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் மெல்ல வெளிறினா அது டியூப்பின்ட அநோட் (நேர்மின்வாய்) பக்கத்துக் கதிர்க் குறைவு, இயல்புதான். கோடு, கட்டம், புள்ளி தெரிஞ்சா டிடெக்டர 180 பாகை திருப்பி வச்சு இன்னொண்டு எடுங்க. புள்ளி டிடெக்டரோட சேர்ந்து திரும்பினா டிடெக்டர்ல பிழை. அதே இடத்தில நிண்டா தகட்டிலயோ கொலிமேட்டர் கண்ணாடியிலயோ ஏதோ இருக்கு. அநேகமா கொன்ட்ராஸ்ட் மருந்துத் துளியாத்தான் இருக்கும், ஐவியூ (அந்த மருந்த ஊசியில ஏத்தி எடுக்கிற சிறுநீரகப் படம்) செய்யிற இடங்களில இது வழக்கம்.

இதோட சேர்ந்ததுதான் டிடெக்டர் கலிபிரேஷன், அதாவது டிடெக்டர் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரிக் காட்ட சொஃப்ட்வெயாரால சரிக்கட்டுறது. டிடெக்டர ஓன் பண்ணி அரை மணித்தியாலமாவது சூடாக விட்டு, கிரிட்டக் கழட்டி, மேசையில ஒண்டும் இல்லாம, கொலிமேட்டர் வாயத் துடைச்சுப் போட்டுத்தான் செய்யணும். துடைக்காமச் செய்தா, அந்தத் துளி மறைச்ச இடத்தில கதிர் குறைவு எண்டு சொஃப்ட்வெயார் அந்த இடத்தை உயர்த்தி வச்சுக்கொள்ளும். மறுநாள் ஆரோ துளியத் துடைச்சிருவாங்க, ஆனா ஒவ்வொரு நெஞ்சுப் படத்திலயும் அதே இடத்தில ஒரு கறுப்புப் புள்ளி நிக்கும். நோயாளிய மாத்தியும் புள்ளி மாறாட்டி இதைத்தான் நினைக்கணும். இரவில ஏசிய நிப்பாட்டிப் போட்டு, மாரி மழைக் காலத்து ஈரக் காத்தோட காலையில அறையத் திறந்து உடனே வேலை தொடங்கிறதும் டிடெக்டருக்குக் கூடாது. கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான், சூடாக விட்டு ஒரு வெறும் படம் எடுத்துப் பார்த்துப் போட்டு ஆளை ஏத்துங்க.

ரெண்டாவது நாணயச் சோதனை. வெளிச்சம் விழுற இடமும் கதிர் விழுற இடமும் ஒண்டா எண்டு பாக்கிறது. 100 செ.மீ. தூரத்தில, டிடெக்டர விடச் சின்னதா வெளிச்சச் சதுரம் வையுங்க. ஒவ்வொரு ஓரத்திலயும் ரெண்டு நாணயம், ஒண்டு உள்ளுக்க, ஒண்டு வெளியில, ரெண்டும் முட்டுற இடம் சரியா வெளிச்ச ஓரத்தில. ஒன்பதாவது நாணயத்த ஒரு மூலைக்குள்ள வையுங்க, திசை தெரிய. குறைஞ்ச கதிரில எடுங்க. இதில டிஜிட்டல்ல மட்டும் வாற ஒரு குழி இருக்கு: சொஃப்ட்வெயார் ஓரத்தத் தானே வெட்டிக் கறுப்பாக்கிரும். அந்த ஓட்டோ குரொப்ப நிப்பாட்டாட்டி நீங்க அளக்கிறது சொஃப்ட்வெயார் போட்ட ஓரத்த. நிப்பாட்டிப் போட்டு அளவுங்க. எதிரெதிர் ரெண்டு ஓரத்துப் பிழையையும் கூட்டினா தூரத்தின்ட 2 சதவீதத்துக்குள்ள, அதாவது 100 செ.மீ.க்கு 2 செ.மீ.க்குள்ள இருக்கணும். கொலிமேட்டர் பல்ப் மாத்தினா அண்டைக்கே இதைச் செய்யுங்க. பல்ப் மாத்தக்குள்ளதான் கண்ணாடி அசையிறது.

சிஆர் பக்கம் வாறன். காலையில முதல் வேலை, 24 மணித்தியாலம் பாவிக்காமக் கிடந்த கசெட் எல்லாத்தையும் அழிச்சு எடுக்கிறது. சுத்திவர இருக்கிற இயற்கைக் கதிரும், அறைக்குள்ள சிதறுற கதிரும் பிளேட்டில பதியும். கசெட்ட எக்ஸ்ரே அறைக்குள்ள வைக்கவே வேண்டாம். கச்சான் காத்து வீசுற மாதங்களில எங்கட பக்கத்துத் தூசு உங்களுக்குத் தெரியும்தானே. எந்தக் கசெட்டப் போட்டாலும் பிளேட் ஓடுற திசையில நேரா ஒரு வெள்ளைக் கோடு வந்தா, ரீடருக்குள்ள வெளிச்சம் சேர்க்கிற பகுதியில தூசு. அது இஞ்சினியர் வேலை, நீங்க உள்ளுக்கக் கை வைக்காதீங்க. ஒரே கசெட்டில மட்டும் அதே இடத்தில வெள்ளைப் புள்ளி வந்தா பிளேட்டில தூசு. நூல் விடாத துணியால முதல்ல உலர்த்தித் துடைங்க, போகாட்டி கொம்பனி சொன்ன திரவம் மட்டும். வாட்டில இருக்கிற ஸ்பிரிட்டப் போட்டுத் தேய்க்க வேண்டாம். கசெட்டுக்கும் பிளேட்டுக்கும் ஒரே இலக்கம் எழுதி வச்சாத்தான் எந்தப் பிளேட் எண்டு கண்டுபிடிக்கலாம்.

இப்ப கழிச்ச படங்களின்ட கணக்கு. இதுக்கு ஒரு சதமும் செலவில்ல, ஆனா இதைத்தான் ஆக்கள் செய்யிறதே இல்ல. மாதத்தில 600 எக்ஸ்போஷர் எடுத்து 48 கழிச்சா 8 சதவீதம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின்ட டிஜி-151 அறிக்கை 8 சதவீதத்த இலக்கா வைக்கச் சொல்லுது, 10 தாண்டினா காரணம் தேடச் சொல்லுது. ஒரு சதவீதம்தான் எண்டு பெருமையாச் சொல்லுற இடங்களும் இருக்கு. எனக்கு அங்கதான் சந்தேகம் கூட. ஒண்டில் காரணம் எழுதாம டிலீட் பண்ணுறாங்க, இல்லாட்டி திரும்ப எடுக்க வேண்டியதையும் அப்படியே அனுப்புறாங்க.

மொத்தச் சதவீதத்த விட, எந்தப் படம், என்ன காரணம் எண்டு பிரிச்சுப் பாக்கிறதுதான் பிரயோசனம். பொசிஷன் பிழை, மூச்சு அசைவு, டோஸ், கழட்டாத சாமான், மிசின் பிழை எண்டு அஞ்சு காரணம் காணும். கழட்டாத சாமான் எண்டா தாலிக்கொடி, தாயத்து, அரைஞாண்கொடி, பின்னல் கொண்டை, சேலையில குத்தின ஊசி. அந்த நிரல் கூடினா உடுப்பு மாத்துற இடத்தில ஒரு அறிவித்தல் போட்டாலே குறையும். முழங்கால் பக்கவாட்டுப் படம்தான் கன தரம் கழிபடுது எண்டா, அரை மணித்தியாலம் எல்லாரும் இருந்து அந்தப் பொசிஷனப் பாருங்க. ஆற்றையும் பேர் போட்டு ஒட்டாதீங்க. ஒட்டினா அடுத்த மாதம் ஒருத்தரும் உண்மை எழுத மாட்டாங்க.

மொனிட்டர் பற்றிச் சுருக்கமா. டிஜி18-கியூசி எண்ட சோதனைப் படத்தத் திறங்க. கறுப்புச் சதுரத்துக்குள்ள 5 சதவீதச் சதுரமும், வெள்ளைக்குள்ள 95 சதவீதச் சதுரமும் ரெண்டும் தெரியணும். தெரியாட்டி முதல்ல ஜன்னலை மூடி, திரையத் துடைச்சுப் பாருங்க. ஃபோனில படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பிப் பாக்கிற பழக்கத்துக்கு எந்தக் கியூசியும் இல்ல, அதையும் சொல்லத்தான் வேணும்.

மீட்டர் இல்லாம முடியாதது எண்டா கேவிபி, டியூப் வெளியீடு, நேரம், அரைப் பெறுமானத் தடிப்பு (கதிரப் பாதியாக் குறைக்கிற அலுமினியத் தடிப்பு). வருசத்துக்கு ஒருக்காவும் டியூப் மாத்தினாப் பிறகும் மருத்துவ இயற்பியலாளர் மீட்டரோட வந்து செய்யணும். கேவிபி 10 சதவீதத்துக்குள்ள, வெளியீட்டின்ட மாறல் குணகம் (தரத்துக்குத் தரம் எவ்வளவு மாறுது எண்டது) 0.05க்குள்ள, அரைப் பெறுமானத் தடிப்பு 80 கேவிபியில 2.3 மி.மீ. அலுமினியத்துக்குக் குறையாம, புது மிசினுக்கு 2.9. 2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ எக்ஸ்ரே மிசினுக்கு அனுமதிப்பத்திரம் வேணும் எண்டது உங்களுக்குத் தெரியும். அந்த ஃபைலோட உங்கட கொப்பியையும் சேர்த்து வையுங்க. ஏஈசியையும் அண்டைக்கே பார்க்கச் சொல்லுங்க. பிலிமுக்குச் செற் பண்ணின ஏஈசிய அப்படியே வச்சுக்கொண்டு டிடெக்டர மட்டும் மாத்தின அறைகளில டோஸ் சரியா இருக்கிறது அதிர்ஷ்டம்தான்.

கொம்பனிச் சேர்விஸ் வேற, உங்கட சோதனை வேற. அவங்க வந்து போன உடன, அவங்க நிக்கக்குள்ளயே எண்டா இன்னும் நல்லம், செப்புத் தகட்டுப் படம் ஒண்டு எடுங்க. சொஃப்ட்வெயார் அப்டேட் பண்ணினா இலக்கு ஈஐ அட்டவணை பழையபடி கொம்பனி இலக்கத்துக்குத் திரும்பியிருக்கும், அதையும் பாருங்க.

கடைசியா, வயர்லெஸ் டிடெக்டர் கையால விழுந்தா என்ன செய்யிற எண்டு இன்னொருத்தர் கேட்டிருக்கிறார். உடனே அடுத்த ஆளுக்குப் பாவிக்க வேண்டாம் தம்பி. மூலைகளில வெடிப்பு, பற்றரி மூடி, ரெண்டையும் பாருங்க. செப்புத் தகட்டுப் படம் எடுத்து அடித்தளப் படத்தோட பக்கத்தில வச்சு, கொன்ட்ராஸ்ட்டக் கூட்டி, புதுசாக் கோடோ கட்டமோ வந்திருக்கா எண்டு பாருங்க. பல டிடெக்டருக்குள்ள அதிர்ச்சியப் பதியிற சென்சர் இருக்கு, மறைச்சாலும் கொம்பனிக்குத் தெரிய வரும், அதால திகதி நேரத்தோட எழுதி வையுங்க. படம் சுத்தமா இருந்தாலும் அடுத்த ரெண்டு மூண்டு நாளைக்குக் காலையில ஒரு வெறும் படம் எடுங்க. உள்ளுக்க வெடிச்ச இணைப்பு சில நேரம் சூடு ஏறி இறங்கினாப் பிறகுதான் கோடாத் தெரியும்.