செங்கல் சூளையில் ஒரு கர்ப்பிணி

நேயர்களுக்கு வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியம் இலவசம்தானே, அப்புறம் ஏன் இந்த ஜனங்கள் வருவதில்லை என்று பலர் கேட்பதுண்டு. அதற்குத் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் சூளைகளைப் பற்றிச் சொன்னால் போதும்.

மழை ஓய்ந்து தை பிறக்கும் வாக்கில் சூளை வேலை சூடு பிடிக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து தங்குகிறவர்களில் இருளர் பழங்குடியினர் நிறைய. கூலி நாள் கணக்கில் இல்லை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. ஒருவர் மண் குழைத்துக் கொடுக்க, மற்றவர் அச்சில் போட்டு அறுக்க வேண்டும். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் கையும் சேர்ந்தால்தான் கல் விழும். அவள் ஊசி போட்டுக்கொள்ளப் போனால் அவன் வேலையும் நின்றுபோகும். முன்பணக் கடனோ அப்படியே நிற்கும். வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலேயே அறுப்பைத் தொடங்கிவிடுவார்கள். நாம் ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் நேரத்தில்தான் அவர்கள் அலுத்துப்போய்ப் படுப்பார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 12 வாரத்துக்குள் பதிய வேண்டும், ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், பரிசோதனைகள் விடாமல் நடக்க வேண்டும். பதிந்தது ஒரு மாவட்டம், பிழைப்பு இன்னொரு மாவட்டம் என்று இருப்பவளுக்கு இதில் ஏதாவது ஒன்று தட்டிப்போகும். அவளுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கர்ப்பிணி அட்டையை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கூரையில் சொருகி வைத்திருப்பாள். அதை எடுத்துக்கொண்டு வந்தால், ‘நீ எங்க ஏரியா இல்லையேம்மா’ என்போம்.

வலி கண்டால் 108 இருக்கிறதே என்பீர்கள். 2008-லிருந்து ஓடுகிறது, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் போனில் ‘எந்தத் தெரு?’ என்று கேட்டால் சூளைக்குத் தெரு ஏது? வெளியூரிலிருந்து வந்தவளுக்கு மேஸ்திரி பேர் தெரியும், பக்கத்து ஊர்ப் பேர் தெரியாது.

இதற்கெல்லாம் விழிப்புணர்வு முகாம்தான் மருந்து என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவளுக்கு விவரம் தெரியும், நேரம்தான் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? கர்ப்பத்தைப் பதியும்போது அவளுக்குக் கொடுக்கும் ஆர்.சி.எச். எண் எந்த ஊருக்குப் போனாலும் அதேதான். அதை வைத்துப் பழைய விவரத்தைப் பார்த்து, அங்கேயே பரிசோதனையைத் தொடரலாம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது; அந்த வாசலில் சூளைக் குடிசையும் சேரட்டும். வாரச் செலவுக்குக் காசு கொடுத்து, சந்தைக்கு விடும் நாளில் பெரும்பாலும் அறுப்பு இருக்காது. அன்று சாயங்காலம் செவிலியர் சூளைக்கே போய் எடை, ரத்த அழுத்தம் பார்த்துவிடலாம். சூளை நடத்துகிறவர்கள், ஊர்ப் பெயரையும் வரும் வழியையும் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டிவையுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் போதும், 108-க்கு வழி சொல்லிவிடலாம்.