எதிராளி விழுந்தால் வண்டியை நிறுத்துவார்களா? பாலைவன ரேஸ் பற்றி ஒரு கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "டக்கார், பாஹா மாதிரி பாலைவனப் போட்டிகளில் ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் வருகிற போட்டியாளர் வண்டியை நிறுத்தி உதவுவார் என்கிறீர்கள். அது உண்மையா? வருடக்கணக்கில் பயிற்சி எடுத்து, கையில் இருப்பதையெல்லாம் போட்டு வந்தவர் எதிராளிக்காக நேரத்தை இழப்பாரா? கேமராவுக்காகச் செய்வதுதானே?"

உண்மைதான். நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் கேமரா எட்டிப் பார்க்காத இடத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். சர்க்யூட் ரேஸில் ஒருவர் விழுந்தால் கொடி காட்ட ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, எல்லாமே கண்ணுக்கு எட்டுகிற தூரம். டக்கார் என்பது பாலைவனத்தில் பல நாள் தொடர்ந்து நடக்கிற பைக், கார், டிரக் போட்டி. அதில் ஒரே நாளில் நேரக் கணக்கில் ஓட்ட வேண்டிய தூரம் மட்டுமே 400 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். ஹெலிகாப்டரில் டாக்டர்கள் தயாராக இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் பறந்து வந்து சேர நேரம் ஆகும். அதற்கு முன்னால் அங்கே வந்து சேரக்கூடிய ஒரே மனிதர் யார்? உங்களுக்கு அடுத்துக் கிளம்பிய போட்டியாளர். நேற்று இரவு வரை யாரை முந்த வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்களோ, அவரேதான். பைக் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் துணை ஓட்டுநர்கூடக் கிடையாது. இது அங்கே ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். இன்று நான் நிற்காமல் போனால், நாளை எனக்காக யாரும் நிற்கவேண்டிய அவசியமில்லை என்பதும் தெரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2016 டக்கார் தென் அமெரிக்காவில் நடந்தது. ஏழாவது நாள். ஹோண்டாவுக்காக ஓட்டிய போர்ச்சுக்கல்காரர் பவுலோ கொன்சால்வஸ்தான் அப்போது பைக் பிரிவில் ஒட்டுமொத்தமாக முன்னணியில் இருந்தார். வழியில் ஆஸ்திரியாவின் மத்தியாஸ் வால்க்னர் விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தார். வால்க்னர் யார்? கேடிஎம் அணிக்காரர். கொன்சால்வஸின் நேரடிப் போட்டி நிறுவனம் அது. கொன்சால்வஸ் வண்டியை நிறுத்தினார். மருத்துவ உதவி வரும் வரை கூடவே இருந்துவிட்டுத்தான் கிளம்பினார். அந்த வருடம் அவரால் போட்டியை முடிக்க முடியவில்லை. வால்க்னர் குணமாகித் திரும்பி வந்தார். 2018இல் டக்காரை வென்றார்.

நான்கு வருடம் கழித்து, 2020 ஜனவரி 12. டக்கார் முதல்முறையாகச் சவூதி அரேபியாவில் நடந்த வருடம். மறுபடியும் ஏழாவது நாள், ரியாத்திலிருந்து வாதி அல் தவாசிர் போகிற பாதை. இந்த முறை கொன்சால்வஸ் நம் நாட்டு ஹீரோ அணிக்காக ஓட்டினார். அவர் விழுந்தார். முதலில் வந்து நின்றவர் ஆஸ்திரேலியாவின் டோபி பிரைஸ். முந்தைய வருடத்துச் சாம்பியன், அந்த வருடமும் பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தவர். அவரும் கேடிஎம் அணிதான். பின்னால் வந்த ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் ஸ்விட்கோவும் நின்றார். கொன்சால்வஸின் அணியிலேயே ஓட்டிய அவருடைய மைத்துனர் ஜோவாகிம் ரோட்ரிகஸும் வந்து சேர்ந்தார். மருத்துவக் குழு வந்து கொன்சால்வஸை ஹெலிகாப்டரில் கொண்டுபோனது. காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு 40 வயது. மறுநாள் பைக், குவாட் (நாலு சக்கர பைக்) பிரிவுகளுக்குப் போட்டி ரத்து செய்யப்பட்டது. பிரைஸ் அதற்குப் பிறகும் மிச்சமிருந்த நாட்களை ஓட்டி மூன்றாவதாக முடித்தார். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. யாருக்காகவும் நின்ற ஒரு மனிதர் கடைசியில் தனியாகக் கிடக்கவில்லை. அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சரி, நேரத்தை இழப்பாரா என்று கேட்டீர்கள். காயம்பட்டவருக்காக நின்ற நேரத்தைப் போட்டி நடத்துபவர்கள் பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு வண்டியிலும் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கிற கருவி இருக்கிறது. எங்கே, எத்தனை நிமிடம் நின்றார் என்பது அதில் பதிவாகும். 2016இல் கொன்சால்வஸுக்கும் 2020இல் பிரைஸுக்கும் அப்படித்தான் நேரம் திரும்பக் கிடைத்தது. "அப்போ நஷ்டமே இல்லையே, இதில் என்ன பெருமை?" என்று கேட்பீர்கள். நிமிடத்தைத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். ஒருவர் கண் முன்னால் உயிருக்குப் போராடுவதைப் பார்த்துவிட்டு மறுபடி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அதே வேகத்தில் மணல் மேட்டில் ஏற வேண்டும் பாருங்கள், அதை எந்த விதியும் ஈடு செய்யாது.

அப்புறம், இந்தச் சலுகை காயத்துக்கு மட்டும்தான். வண்டி கோளாறு என்றால் கிடையாது. மணலில் புதைந்தவரை இழுத்துவிட்டால், பெட்ரோல் தீர்ந்தவருக்குத் தன் டேங்கிலிருந்து கொஞ்சம் கொடுத்தால், அந்த நேரம் போனது போனதுதான். நான் ரொம்ப மதிப்பது இந்த உதவியைத்தான், ஏனென்றால் இது செய்தியில் வராது. அன்றைய பட்டியலில் அறுபதாவது, எழுபதாவது இடத்தில் வருகிறவர்கள் செய்வது. டக்காரின் விதியும் இதற்கு இடம் கொடுக்கிறது. பந்தயப் பாதையில் வெளியாள் வந்து வண்டியைத் தொட்டால் தண்டனை. ஆனால் அதே போட்டியில் ஓடிக்கொண்டிருக்கிற இன்னொருவர் உதவலாம். ஆக, பாலைவனத்தின் நடுவில் உங்களுக்கு மெக்கானிக் யார் என்றால், அதுவும் உங்கள் போட்டியாளர்தான்.

இதை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றால் மால் மோட்டோ பிரிவைப் பாருங்கள். இப்போது அதற்கு அதிகாரப்பூர்வப் பெயர் வேறு. அதில் ஓட்டுபவருக்கு அணி கிடையாது, மெக்கானிக் கிடையாது. ஒரு பெட்டி, கூடாரம், கொஞ்சம் சக்கரம், டயர், பை, அவ்வளவுதான். பகல் முழுக்க ஓட்டிவிட்டு வந்து, ராத்திரி உட்கார்ந்து தானே ஆயில் மாற்ற வேண்டும், டயர் மாற்ற வேண்டும், மறுநாள் விடியும் முன் கிளம்ப வேண்டும். தூக்கம் சில மணி நேரம்தான். அங்கே ஒருவருக்கு ஸ்பேனர் இல்லை என்றால் அடுத்தவர் எறிவார். கை நடுங்குகிறவருக்கு டயரை இன்னொருவர் ஏற்றிக் கொடுப்பார். அவர்கள் எல்லாரும் ஒரே பிரிவில் ஒரே கோப்பைக்காக ஓட்டுகிறவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

2024இல் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார்கள். 48 மணி நேரக் கட்டம் என்று பெயர். சவூதியின் ரூப் அல் காலி பாலைவனத்தில் நடந்தது. மாலை 4 மணி ஆனதும் அடுத்து வருகிற முகாமில் நின்றுவிட வேண்டும். கோடிக்கணக்கில் செலவழிக்கிற கம்பெனி அணிக்காரர்களுக்கும் அங்கே ஒரு கூடாரமும் உணவுப் பொட்டலமும்தான். மெக்கானிக் வர முடியாது. யார் எந்த முகாமில் சிக்கினாரோ, அன்றைய ராத்திரி அங்கே இருப்பவர்கள்தான் அவருக்கு எல்லாம். இது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். பழைய டக்காரின் குணத்தை அது கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்தது. இந்தப் போட்டியைத் தொடங்கிய தியெரி சபீனே 1977இல் அபிஜான் – நீஸ் ராலியில் வழி தவறிப் பாலைவனத்தில் தவித்து, மீட்கப்பட்டவர்தான்.

பாஹா பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது மெக்சிகோவில், பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் நடப்பது. 1967இல் திஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை முதல் போட்டி நடந்தது. ஜெயித்த வண்டி எடுத்துக்கொண்ட நேரம் 27 மணி 38 நிமிடம். டக்கார் மாதிரி ராத்திரி நின்று ஓய்வெடுக்கிற போட்டி இல்லை இது. கிளம்பினால் முடிக்கிற வரை ஓட்டம்தான். இங்கே தோழமை வேறு விதமாக வளர்ந்தது. சின்ன அணிகளால் அத்தனை இடத்திலும் ஆள் வைக்க முடியாது. அதனால் கிளப்பாகச் சேர்ந்து, வழி நெடுக பிட், அதாவது வண்டியைக் கவனிக்கிற இடம் போட்டு, பெட்ரோல் நிரப்புவதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இந்த முறை ரேஸ் ஓட்டுகிறவர் அடுத்த முறை ராத்திரி குளிரில் பெட்ரோல் கேனோடு நிற்பார்.

பாஹாவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு குரல் உண்டு. பாப் ஸ்டைன்பெர்கர் என்பவர், ரேஸ் ரேடியோ தொழிலில் இருந்தவர். 'வெதர்மேன்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மலைகள் குறுக்கே இருப்பதால் ரேடியோ சிக்னல் வண்டிக்கும் அணிக்கும் இடையே போய்ச் சேராது. இவர் உயரமான மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு, எந்த அணி என்று பார்க்காமல் எல்லாருடைய தகவலையும் வாங்கிக் கடத்திவிடுவார். இத்தனையாம் மைலில் ஒருவர் கவிழ்ந்திருக்கிறார், இன்னார் பத்திரமாக இருக்கிறார் என்று வீட்டார் காதுக்கு வந்தது பல வருடம் அவர் குரலில்தான். குரலாலேயே அந்தச் சமூகத்தின் பெரிய மனிதர் ஆனவர்.

எல்லாரும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. முதல் ஐந்து இடத்துக்குள் ஓட்டுபவர், எதிராளியின் வண்டி பழுதாகி நின்றால் பெரும்பாலும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். எதிரே நிற்பவர் கட்டை விரலை உயர்த்தி 'நான் நலம்' என்று காட்டினால், அது போதும். அதில் தப்பும் இல்லை. கம்பெனி அணியில் இளையவர் தன் சக்கரத்தைக் கழற்றித் தலைவருக்குக் கொடுப்பதையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது அவர் வேலை. பாஹாவில் தூசிக்குள் முன்னால் போகிறவர் வழிவிடவில்லை என்றால் பின்பக்கம் பம்பரால் லேசாக இடிப்பது வழக்கம். அதை லேசாகச் செய்கிறவர்களும் உண்டு, வேண்டுமென்றே பலமாக இடிக்கிறவர்களும் உண்டு. பலமாக இடித்தவரை அடுத்த ரேஸில் யாரும் மறப்பதில்லை.

கேமராவுக்காகவா என்ற சந்தேகத்துக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். விழுந்தவரைப் பார்த்ததும் முதலில் செய்வது, தன் வண்டியைக் கொஞ்சம் தள்ளி, பின்னால் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி மேட்டின் மேல் நிறுத்துவது. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேகமாக ஏறி வருகிற டிரக்குக்குக் கீழே ஆள் கிடப்பது தெரியாது. அப்புறம்தான் அபாய பட்டனை அழுத்துவது, ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்றாமல் பேச்சுக் கொடுப்பது, நிழல் பிடிப்பது, தன் தண்ணீரைக் கொடுப்பது. இது புதிதாக வருகிற ஓட்டுநருக்குப் பழைய ஓட்டுநர்கள் சொல்லிக் கொடுப்பது, ரேஸ் தொடங்கும் முன் எல்லாரும் கற்றுக்கொண்டு வருவது. அடுத்த முறை டக்கார் நடக்கும்போது முதல் பத்துப் பேரை விட்டுவிட்டு, கடைசி முப்பது பேர் ராத்திரி எத்தனை மணிக்கு முகாமுக்கு வந்து சேர்கிறார்கள் என்று பாருங்கள். சேர்ந்து சேர்ந்து, இரண்டு பேர் மூன்று பேராக வருவார்கள்.