பீப் சத்தம் எந்தப் பக்கத்தில்?

(திரையில்: இருட்டான வரவேற்பறை, மினுக்கும் சிவப்பு விளக்கு)

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு வீடு. லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு நேரம். சோலார் இன்வெர்ட்டர் விடாமல் கத்துகிறது. போன் டார்ச்சை அடித்துக்கொண்டு பாட்டி அதன் கையேட்டைப் புரட்டுகிறார். பொருளடக்கத்தில் 'அறிமுகம்', 'அமைப்புகள்', 'பிழைக் குறியீடுகள்' என்று வரிசையாக இருக்கிறது. எந்தப் பக்கத்துக்குப் போவார்?

அவர் காதில் விழுவது சத்தம், கண்ணில் படுவது ஒரு எண். அப்படியானால் கையேடு எழுதும் நாம் வைக்கவேண்டிய தலைப்பும் அதுதான்: 'பீப் சத்தம் நிற்கவில்லை, திரையில் 07'. லோடு அதிகமானதுதான் காரணம் என்பதும், கெட்டிலை ஆஃப் செய்யவேண்டும் என்பதும் அதற்குக் கீழே வரட்டும். 'ஓவர்லோடு' என்று தலைப்பு வைத்தால், காரணம் ஏற்கெனவே தெரிந்தவர் மட்டும்தான் அங்கே போவார்.

(திரையில்: 'பேட்டரி' என்ற ஒற்றைச் சொல்)

இப்படி ஒரு தலைப்பு. பேட்டரியை என்ன செய்ய? இணைக்கவா, மாற்றவா, துடைக்கவா? 'பேட்டரியை இணைக்க', 'பேனலை இணைக்க' என்று வேலையைச் சொல்லுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவது இங்கே நமக்கு லாபம். தேடும் பொருள் வரியின் முதலிலேயே நிற்பதால், கண் மேலிருந்து கீழே ஓடும்போதே பிடித்துவிடும். ஆனால் ஒன்றில் 'இணைக்க', அடுத்ததில் 'மாற்றுதல்', இன்னொன்றில் 'எப்படித் துடைப்பது' என்று கலக்காதீர்கள். எனக்கு 'இணைக்க'தான் பிடிக்கும்; 'இணைத்தல்' அரசாணை மாதிரி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் வினை வேண்டியதில்லை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் எங்கே என்று எலக்ட்ரீஷியன் தேடுவார். அவருக்கு 'மின் அளவுகள்' போதும்.

தென்னாப்பிரிக்காவில் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 22ஆம் பிரிவில், வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய ஆவணங்கள் எளிய மொழியில் இருக்கவேண்டும் என்கிறது. சராசரிப் படிப்பறிவும் குறைந்த அனுபவமும் உள்ளவருக்கு அதிகச் சிரமமில்லாமல் புரியவேண்டும். அப்படிப் புரிகிறதா என்று பார்க்கும்போது கவனிக்கவேண்டியவற்றில் தலைப்புகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள்.

(திரையில்: மஞ்சள் முக்கோணம், 'எச்சரிக்கை')

கடைசியாக இது. பல கையேடுகள் 'எச்சரிக்கை' என்று போட்டு, முதல் பக்கத்திலேயே இருபது விஷயத்தை அடுக்கிவிடும். யாரும் படிப்பதில்லை. 'இன்வெர்ட்டரை அணைத்தாலும், வெயில் உள்ளவரை பேனல் கம்பியில் கரண்ட் இருக்கும்' என்று ஆபத்தையே தலைப்பாக்குங்கள். நீளம்தான், பரவாயில்லை. அதைப் 'பேனலை இணைக்க' பகுதியில், முதல் படிக்கு மேலே வையுங்கள்.