பாலியேட்டிவ் கேர் கிளாஸ்: பொம்மை சாகட்டும், யாரும் சிபிஆர் பண்ணாதீங்க

வணக்கம் மக்களே, இன்னைக்கு வீடியோ நர்ஸிங் ஸ்டூடண்ட்ஸுக்கும் அவங்களுக்கு பாடம் எடுக்கறவங்களுக்கும். பாலியேட்டிவ் கேர், அதாவது கடுமையான நோய்ல வலியையும் கஷ்டத்தையும் குறைக்கற கவனிப்புன்னு சொன்னதும், இதுக்கு முன்னோடி சிசிலி சாண்டர்ஸ், 1967ல அவங்க லண்டன்ல ஆரம்பிச்ச செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், 'டோட்டல் பெயின்'னு நாலு வரி நோட்ஸ் குடுத்து முடிச்சிடுறோம். அந்தம்மா முதல்ல நர்ஸ், அப்புறம் சோஷியல் வொர்க்கர், அதுக்கப்புறம்தான் டாக்டர், அதனாலதான் வலின்னா உடம்பு மட்டும் இல்ல, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுன்னு அவங்களுக்கு தெரிஞ்சுதுன்னு நான் நினைக்கிறேன். சரி, அது பரீட்சைக்கு. வார்டுக்கு என்ன சொல்லிக்குடுக்கறோம்?

சிமுலேஷன் லேப்ல பேஷண்டா படுத்திருக்கற பொம்மை, அந்த மேனிக்கின், எப்பவும் பொழைச்சுக்கும் பாருங்க, பல்ஸ் போச்சா, கோட் ப்ளூன்னு அவசர அழைப்பு, நெஞ்ச அழுத்தி உயிர் மீட்கற சிபிஆர், எல்லாருக்கும் சந்தோஷம். நான் சொல்றது, ஒரு தடவையாவது அந்த பொம்மைய சாக விடுங்க. ஃபைல்ல சிபிஆர் வேண்டாம்னு ஆர்டர் இருக்கு, பக்கத்துல மகளா ஒரு ஆள் நடிக்கட்டும், பல்ஸ் நின்னதும் பிள்ளைங்க கை தானா நெஞ்சுக்கு போகும், அந்த கைய மகள் தோள் மேல வைக்க பழக்கறதுதான் பாடம். ஆனா பேஷண்ட் இறக்கப்போறார்னு ஸ்டூடண்ட்ஸ்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, திடீர் அதிர்ச்சி குடுக்கறது டீச்சிங் இல்ல.

அதுக்கு முன்னாடி, சாவு எப்படி வரும்னு அவங்களுக்கு தெரியணும். தூக்கம் கூடும், சாப்பாடு குறையும், யூரின் கம்மியாகி கருக்கும், கை கால் சில்லுன்னு ஆகும், முழங்கால்ல திட்டு திட்டா நீலம் பாயும், மூச்சு வேகமா ஆழமா போய் அப்படியே நின்னுடும், போயிட்டாருன்னு நினைக்கும்போது திரும்ப ஒரு மூச்சு வரும், அதான் செய்ன் ஸ்டோக்ஸ். இன்னொன்னு அந்த கொர் கொர் சத்தம். விழுங்கவோ இருமவோ தெம்பு இல்லாம தொண்டையில சளி தேங்கி வர்ற சத்தம், பேஷண்ட் பெரும்பாலும் நினைவில்லாம இருப்பார், தவிக்கறது சுத்தி நிக்கறவங்கதான். ஸ்டூடண்ட் உடனே சளிய உறிஞ்சற சக்ஷன் ட்யூப எடுக்கும். எடுக்காதே, ஒருக்களிச்சு படுக்க வை, தலைய கொஞ்சம் தூக்கு, டாக்டர் எழுதியிருந்தா சளி ஊறறத குறைக்கற கிளைக்கோபைரோலேட் மருந்து போடு, அது புதுசா ஊறறதத்தான் குறைக்கும், தேங்கினத காய வைக்காது, அதனால லேட் பண்ணாத. குடும்பத்துக்கிட்ட இந்த சத்தம் ஏன்னு நீயே போய் சொல்லு, அவங்க கேட்கற வரைக்கும் காத்திருக்காத.

அடுத்தது மார்ஃபின், கடுமையான வலிக்கு குடுக்கற மருந்து. குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்கன்னு குடும்பம் பயப்படுது, நர்ஸும் பயப்படுது, அதுதான் கொடுமை. கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு வலிய பாத்து பாத்து ஏத்துனா மூச்சு அடங்கறது அபூர்வம். குமட்டல் சில நாள்ல போயிடும், மலச்சிக்கல் போகாது, அதனால முதல் நாள்லயே லாக்ஸேட்டிவ், அதாவது மலமிளக்கி, இருக்கான்னு சார்ட்ல தேட பழக்குங்க.

அப்புறம் பேச்சு. "நான் பொழைப்பேனா சிஸ்டர்?"னு கேட்டதும் நம்ம வாயில "ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க" ரெடியா இருக்கும், சொல்லிட்டு ட்ரிப் பாட்டில சரி பண்ற மாதிரி நழுவிடுவோம். ரோல் பிளேல ஒருத்தர பேஷண்டாக்கி இதே கேள்விய கேக்க விடுங்க, பதில் சொல்லாம உக்காந்து "ஏன் இப்ப இப்படி தோணுது உங்களுக்கு?"ன்னு மட்டும் கேட்டுட்டு வாய மூடணும், அந்த அமைதிய தாங்கறது இருக்கே, ஊசி போடறத விட கஷ்டம்.

ஒண்ணு மறக்காதீங்க, இது கடைசி வார சமாச்சாரம் மட்டும் இல்ல. முத்தின நுரையீரல் கேன்சர்ல ஆரம்பத்துலயே பாலியேட்டிவ் கேர் சேர்த்தவங்க மத்தவங்கள விட நல்லா இருந்தாங்க, சராசரியா ரெண்டு மாசத்துக்கு மேல கூடவும் வாழ்ந்தாங்கன்னு 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆனா உலகத்துல இது தேவைப்படறவங்கள்ல 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்குதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

டியூட்டர்ஸ், ஸ்டூடண்டோட முதல் சாவு அன்னைக்கு உடம்ப துடைக்கும்போது நீங்களும் கூட நில்லுங்க, தனியா அனுப்பாதீங்க. முடிஞ்சதும் டீ குடிக்க கூட்டிட்டு போங்க, கேஸ் ஷீட் அப்புறம் எழுதிக்கலாம். மார்ஃபின் டோஸ் கணக்கு பெருசு, அடுத்த வீடியோல தனியா போடறேன், பை.