ஹேண்ட்-பிக்ட்: யாருடைய கை?

வணக்கம் நேயர்களே. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் கூப்பிடுங்கள். இன்றைக்கு ஒரே ஒரு சொல்: 'ஹேண்ட்-பிக்ட்'.

ஏற்றுமதித் தேயிலைப் பெட்டிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். கையால் பறித்தது என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், தோட்டத்து ஆங்கிலத்தில் 'பிக்கிங்' என்ற பேச்சே இல்லை. துரை முதல் கணக்கப்பிள்ளை வரை 'ப்ளக்கிங்'தான். பெட்டிக்கு மட்டும் ஏன் 'பிக்'? அந்தச் சொல்லில் பறிப்பதும் உண்டு, பார்த்துத் தெரிந்தெடுப்பதும் உண்டு. விளம்பரக்காரருக்கு வேண்டியது இரண்டாவது. அது பொய்யும் அல்ல. கொழுந்து எடுக்கிற அக்கா இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறார், முற்றின இலையைத் தொடாமல் விடுகிறார். கத்தரியோ இயந்திரமோ அப்படிப் பார்த்து வெட்டாது. (பெட்டியிலுள்ள சிங்க இலச்சினை வேறு கதை. உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்பதற்குத்தான் அது. எப்படிப் பறித்தார்கள் என்பதற்கு அல்ல.)

இதே சொல் மனிதர் மேல் ஏறினால் குணம் மாறும். 'ஹேண்ட்-பிக்ட் டீம்' என்று ஒரு பயிற்சியாளர் பெருமையாகச் சொன்னால், பொறுக்கி எடுத்த திறமைசாலிகள். 'அமைச்சரின் ஹேண்ட்-பிக்ட் கமிட்டி' என்று பத்திரிகை எழுதினால் அது குத்தல்: எல்லாம் அவருடைய ஆட்கள். அங்கே யாருடைய கை என்பதுதான் செய்தியே.

தேயிலைப் பெட்டியில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது ஒவ்வொரு கிலோவும் ஒருவருடைய பேருக்கு நேரே பதியப்படுகிறது. பெட்டிக்கு வரும்போது பேர் போய், 'ஹேண்ட்' மட்டும் மிஞ்சுகிறது. எனக்கு அந்த விளம்பரத்தில் உறுத்துவது அதுதான்.

சரி, பிள்ளைகளுக்கு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது, நாம் படிக்கும் பிரித்தானிய முறையில், நடுவில் சிறு கோடு போடுங்கள். அமெரிக்கர்கள் கோடில்லாமல் ஒரே சொல்லாக எழுதுவார்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆனால் 'ஃப்ரெஷ்லி ப்ளக்ட்' என்று எழுதினால் கோடு வேண்டாம். 'லி'யில் முடியும் வினையடைக்குப் பிறகு கோடு போடுவதில்லை. விடைத்தாளில் நான் அதிகமாகச் சிவப்பு மை வைக்கிற இடம் அதுதான்.