பர்மா போன பாட்டையாவைத் தேட, விலாசத்தைப் படியுங்கள்

[திரையில்: காரைக்குடி வீட்டு முகப்பு, பழைய தகரப் பெட்டி]

பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன பாட்டையாவை, அதாவது கொள்ளுத் தாத்தாவைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 'செட்டியார்' என்று போட்டுத்தான் தேட ஆரம்பிக்கிறார்கள். அது எல்லாருக்கும் பொது, அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, குடும்பப் பெயர் என்று தனியாகக் கிடையாது, அந்த வேலையை விலாசம் செய்கிறது.

விலாசம் என்றால் இங்கே முகவரி இல்லை, பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்துகள். 'ராம.பழ.ராம. பழனியப்பன்' என்று ஒருவர் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பெயரிலிருந்து பின்னோக்கிப் படித்தால் அப்பச்சி (அப்பா) ராமநாதன், ஐயா (தாத்தா) பழனியப்பன், பாட்டையா ராமநாதன். மூத்த மகனுக்கு ஐயா பெயரை விடுவதால் இரண்டு பெயர்களே மாறி மாறி வரும். ஐயாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கிவிடாதீர்கள், அதிகம் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

[திரையில்: ரங்கூன் மொகல் தெரு]

ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் வட்டிக்கடை நடத்தியவர்களை அங்கே விலாசத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். ஆங்கிலத் தாளில் ராம என்பது ஆர்எம், பழ என்பது பிஎல், சித என்பது சிடி. இப்படி மாற்றி எழுதிக்கொண்டு சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருக்கிற பழைய செய்தித்தாள்களில் தேடுங்கள், வழக்கு, ஏலம், கடை கைமாறிய அறிவிப்பு என்று ஏதாவது அகப்படலாம். பர்மா பக்கம் கஷ்டம். 1942-இல் ஜப்பான்காரர்கள் வந்தபோது கணக்குப் பேரேடுகளை அப்படியே போட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

சரி, விலாசம் திடீரென்று மாறினால்? பிள்ளை கூட்டியிருப்பார்கள், அதாவது தத்து எடுத்திருப்பார்கள். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் போன பையன் அந்த வீட்டு விலாசத்தையே போடுவான், பிறந்த வீடு எழுத்தில் தெரியாது. அங்கே கோவில்தான் துணை. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தாருக்கு உள்ள ஒன்பது கோவில்களில் உங்களுடையது எது, அதில் எந்தப் பிரிவு என்று பாருங்கள், பிள்ளை கூட்டுவது வழக்கமாக அதற்குள்ளேதான்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். விலாசத்தில் ஆச்சிகள், அதாவது வீட்டுப் பெண்கள், யாருமே இல்லை. அவர்களைத் தேட, கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்கிற இசைகுடிமானத்தைத் தேடுங்கள். பெண் வீட்டுப் பெயரும் அதில் இருக்கும். பெட்டியின் அடியில் மடித்துக் கிடக்கிற தாள் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம், வீட்டில் அப்பத்தா இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள்: நமக்குப் படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) எந்த வீட்டில், யாருக்குப் படைக்கிறோம், எந்தெந்தப் பங்காளிகள் வருவார்கள்?