வேலியோர வாத்தியார்

நண்பர்களே, அயர்லாந்தின் வேலியோரப் பள்ளி என்றால் பலர் மனத்தில் வருவது ஒரே படம்தான். புதர்வேலி மறைவில் வாத்தியார், எதிரே பிள்ளைகள், சிப்பாய் வருகிறானா என்று பார்க்க மேட்டில் ஒரு பையன். பொய்யில்லை. அன்றைய புராட்டஸ்டன்ட் ஆட்சியின் 1695-ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்கர் பாடம் சொல்லிக் கொடுத்தால் 20 பவுண்டு அபராதம், 3 மாதம் சிறை. பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பவும் தடை.

ஆனால் 1782-இல் அந்தச் சட்டம் தளர்ந்தது. அப்புறம்தான் இந்தப் பள்ளிகள் பெருகின! 1820-களில் அரசு விசாரித்தபோது, பெற்றோர் காசு கொடுத்து நடத்திய பள்ளிகள் சுமார் 9,000 இருந்தன. வேலியை விட்டுக் களஞ்சியத்துக்கும் மண்குடிசைக்கும் வந்தாயிற்று. குளிர்காலத்தில் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியைப் பிள்ளைகளே அடுப்புக்குக் கொண்டுவருவார்கள். வாசிக்க ஒரு கட்டணம், எழுத அதைவிடக் கூட, கணக்குக்கு இன்னும் கூட. சில இடங்களில் லத்தீனும் கிடைத்தது. பாடப்புத்தகமா? வீட்டில் எது இருக்கிறதோ அது. வழிப்பறிக்காரன் கதையை வைத்து எழுத்துக்கூட்டிய பிள்ளைகளும் உண்டு. அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ அந்தப் பிள்ளைகள் ஆசையாகத்தான் வாசித்திருப்பார்கள் என்று படுகிறது.

சரி, வயிற்றைக் கட்டிக் கொடுத்த காசுக்குப் பெற்றோர் எதைக் கேட்டார்கள்? இந்தப் பள்ளிகள்தான் அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிஷைக் காத்தன என்று மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் அந்த வாத்தியார்களில் ஒருவரான ஓவன் ரோ ஓ’சல்லிவனைப் பாருங்கள். கெர்ரியில் பிறந்தவர், ஐரிஷ் மொழியின் பெருங்கவிஞர்களில் ஒருவர். பதினெட்டு வயதிலேயே பள்ளி வைத்தவர், நடுவில் பிரிட்டிஷ் கடற்படையிலும் இருந்துவிட்டு வந்தார். 1784-இல் நாக்நக்ரீ என்ற ஊரில் மறுபடி பள்ளி தொடங்கியபோது, அதைப் பூசையில் அறிவிக்கும்படி பங்குத் தந்தைக்கு ஒரு பாட்டே எழுதி அனுப்பினார். கணக்குப்பதிவு, யூக்ளிட்டின் வடிவகணிதம், கப்பல் செலுத்தும் கலை, ஆங்கில இலக்கணம் என்று அதில் பட்டியல் போடுகிறார். பாட்டு ஆங்கிலத்தில்!

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீதிமன்றம், சந்தை, குத்தகைச் சீட்டு, அமெரிக்காவுக்குப் போகும் கப்பல் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தகப்பன்மார் அதைத்தான் விலைக்கு வாங்கினார்கள், வாத்தியார் விற்றார். 1831-இல் அரசின் தேசியப் பள்ளிகள் ஐரிஷுக்கு இடம் வைக்காமல் வந்தபோது, எத்தனையோ ஊர்களில் பெற்றோர் அதற்கு முன்பே ஆங்கிலத்துக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.